ஒலிபெருக்கி முகப்பு வலை

ஒலிபெருக்கி முகப்பு வலை என்பது வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்பக்கத்தில், ஒலி எழுப்பும் கூம்புகளை மறைத்துப் பொருத்தப்படும் மூடியாகும். இது துணி, துளையிட்ட உலோகத் தகடு, நுரை ஆகியவற்றில் ஒன்றால் செய்யப்படுகிறது. பேச்சுவழக்கில் 'கிரில்' என்றும் 'ஸ்பீக்கர் நெட்' என்றும் அழைக்கப்படுகிறது. கூம்புகளைக் காப்பதும் பெட்டிக்கு அழகு சேர்ப்பதும் இதன் பணிகள். ஆனால் ஒலியின் பாதையிலேயே நிற்பதால் ஒலியையும் ஓரளவு மாற்றுகிறது. பாட்டுக் கேட்கும்போது வலையைக் கழற்றிவிட வேண்டுமா, பொருத்தியே வைக்க வேண்டுமா என்ற கேள்வி இதிலிருந்தே எழுகிறது. இதற்குப் பொதுவான ஒரே விடை கிடையாது. வலையின் பொருள், அதைத் தாங்கும் சட்டத்தின் வடிவம், பெட்டியை வடிவமைத்தவரின் நோக்கம், வீட்டின் சூழல், கேட்பவரின் செவித்திறன் ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறும்.

அமைப்பு

வீட்டு ஒலிபெருக்கி ஒன்றில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஒலிப்பான்கள் இருக்கும். பெரிய கூம்பு உடைய வூஃபர் தாழ்ந்த ஒலிகளையும், சிறிய குமிழ் வடிவ ட்வீட்டர் உயர்ந்த ஒலிகளையும் எழுப்புகின்றன. வூஃபரின் கூம்பு காகிதம், பிளாஸ்டிக், நெசவு இழை போன்றவற்றால் ஆனது. அதன் வெளிவிளிம்பில் ரப்பர், துணி அல்லது நுரையாலான நெகிழ்வளையம் உண்டு. ட்வீட்டரின் குமிழ் பட்டுத்துணியாலோ, அலுமினியம் போன்ற மெல்லிய உலோகத்தாலோ செய்யப்படுகிறது. இவை எல்லாமே விரல் பட்டால் நசுங்கக்கூடியவை.

முகப்பு வலைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

துணி வலை: மர அல்லது பிளாஸ்டிக் சட்டத்தின் மீது இழுத்து ஒட்டப்பட்ட மெல்லிய துணி. சட்டத்தின் பின்னால் உள்ள முளைகள் பெட்டியின் குழிகளில் செருகி நிற்கும். புதிய பெட்டிகள் பலவற்றில் முளைகளுக்குப் பதிலாகச் சிறு காந்தங்கள் உள்ளன.

உலோக வலை: துளையிட்ட எஃகு அல்லது அலுமினியத் தகடு. கூரையில் பதிக்கும் ஒலிபெருக்கிகள், கார் ஒலிபெருக்கிகள், மேடை ஒலிபெருக்கிகள் ஆகியவற்றில் இதுவே மிகுதி. ட்வீட்டரின் மேல் மட்டும் தனியாக ஒரு சிறு கம்பிவலை நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதும் உண்டு.

நுரை வலை: துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் நுரைத் தட்டு. 1970களில் இது பரவலாக இருந்தது. இன்று அருகிவிட்டது.

வரலாறு

இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை மூலம் வெளியிட்டனர். காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருள் ஒரு காகிதக் கூம்பைத் தள்ளி இழுக்கும் முறை அது. அக்காலத்து ஒலிபெருக்கிகள் பலவற்றில் கூம்பின் நெகிழ்வளையம் மெல்லிய தோலால் செய்யப்பட்டது. நன்கு பதனிட்ட ஆட்டுத்தோல் மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருந்ததே காரணம். ரப்பரும் நுரையும் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தன.

வானொலிப் பெட்டிகள் வீட்டு முன்னறைக்கு வந்தபோது முகப்புத் துணியும் உடன் வந்தது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் நிலையமாகத் தொடங்கியது. அதற்குப் பிந்தைய வால்வு வானொலிகளில் பளபளப்பான மரப் பெட்டியின் ஒரு பாதியை நெசவுத் துணி மறைத்திருக்கும். அந்தத் துணி வீட்டுச் சாமான் என்ற தோற்றத்தைப் பெட்டிக்குக் கொடுத்தது. அன்றைய நடுவலை ஒலிபரப்பில் உயர் அதிர்வெண்கள் குறைவாகவே வந்ததால், துணி எதை விழுங்கியது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

திரையரங்கில் இக்கேள்வி முன்னதாகவே எழுந்தது. பேசும்படத்தில் குரல் நடிகரின் வாயிலிருந்து வருவது போலத் தோன்ற, ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் வைக்க வேண்டியிருந்தது. ஒலி வெளியே வருவதற்காகத் திரை முழுவதும் சிறு துளைகள் இடப்பட்டன. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931-இல் வெளியானது. அதன் பின் தமிழ்நாட்டு ரசிகர்கள் கேட்ட படப் பாடல்கள் பெரும்பாலும் இத்தகைய துளைத்திரை வழியாகவே அவர்களை அடைந்தன. துளைத்திரை உயர் ஒலிகளைக் கணிசமாகக் குறைக்கும். அதனால் திரையரங்குகளில் அந்த இழப்பை மின்சுற்றிலேயே ஈடுசெய்கின்றனர். வலை ஒலியை மாற்றும், ஆனால் அந்த மாற்றத்தைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கவும் முடியும் என்பதற்குத் திரையரங்கத் திரையே பெரிய சான்று.

1960களுக்குப் பின் இசைக்கெனத் தனி ஒலிபெருக்கிப் பெட்டிகள் வீடுகளில் பரவின. அவற்றில் வலையைக் கழற்றி மாட்டும் வசதி வந்தது. கழற்றுவதா வேண்டாமா என்ற விவாதமும் அதோடு தொடங்கியது.

ஒலியில் ஏற்படும் மாற்றம்

ஒரு தடை ஒலியை எவ்வளவு பாதிக்கும் என்பது ஒலியின் அலைநீளத்தைப் பொறுத்தது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. எனவே 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர், 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். தவிலின் அடித்தொனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள சட்டம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஜால்ரா, சலங்கை, வயலினின் மேலோசைகள், 'ஸ' போன்ற உரசொலிகள் ஆகியவற்றுக்கு அதே சட்டம் ஒரு சுவர் போன்றது. வலையின் விளைவு முழுவதும் உயர் அதிர்வெண்களில் நிகழ்வது இதனால்தான்.

துணியின் விளைவு

நெருக்கமில்லாத மெல்லிய துணி ஒலியை மிகச் சிறிதளவே குறைக்கிறது. நல்ல ஒலிபெருக்கித் துணியில் இந்தக் குறைவு பெரும்பாலும் ஒரு டெசிபெல்லுக்கும் கீழே, அதுவும் மிக உயர்ந்த அதிர்வெண்களில் மட்டும் இருக்கும். ஒலி அளவில் மனிதர் உணரக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு ஏறத்தாழ ஒரு டெசிபெல். ஆகவே துணியை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. தடித்த துணி, வண்ணம் பூசப்பட்ட துணி, எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் அடைத்த பழைய துணி ஆகியவை இதற்கு விலக்கு.

சட்டத்தின் விளைவு

துணியைத் தாங்கும் சட்டமே பெரும்பாலும் உண்மையான சிக்கல். ட்வீட்டரிலிருந்து வரும் ஒலி முன்னோக்கி மட்டும் செல்வதில்லை. பெட்டியின் முகப்பை ஒட்டிப் பக்கவாட்டிலும் பரவுகிறது. அந்தப் பாதையில் சட்டத்தின் உள்விளிம்பு குறுக்கிட்டால், ஒலியின் ஒரு பகுதி அதில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாகக் கேட்பவரை அடைகிறது. நேரடி ஒலியும் தாமதித்த ஒலியும் சேரும்போது சில அதிர்வெண்கள் வலுக்கின்றன, சில மங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: ட்வீட்டரின் நடுவிலிருந்து சட்டத்தின் உள்விளிம்பு 6 சென்டிமீட்டர் தள்ளி, 2 சென்டிமீட்டர் முன்னே துருத்தி நிற்கிறது எனக் கொள்வோம். விளிம்பில் பட்டு வரும் ஒலி நேரடி ஒலியைவிடச் சுமார் 4.3 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. இது 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை அலைநீளம், 8000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு முழு அலைநீளம். எனவே ஓரிடத்தில் ஒலி குறைந்தும் மற்றோரிடத்தில் கூடியும் வருகிறது. ட்வீட்டர் சட்டத்தின் இரு பக்கங்களுக்கும் சரிசமமான தொலைவில் இருந்தால் இரு பக்க விளைவுகளும் ஒரே அதிர்வெண்ணில் குவியும். சில பெட்டிகளில் ட்வீட்டர் நடுவில் இல்லாமல் ஓரமாக வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஏற்ற இறக்கம் பல பெட்டிகளில் ஒன்று முதல் மூன்று டெசிபெல் வரை இருக்கும். காது கூர்மையாக உணரும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் பகுதியும் இதில் அடங்குவதால் கவனமாகக் கேட்பவருக்குப் புலப்படும். சட்டத்தின் உள்விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருந்தாலோ, சட்டம் பெட்டியின் முகப்புக்குள் அமிழ்ந்து சமமாக நின்றாலோ விளைவு வெகுவாகக் குறையும்.

துளைத் தகட்டின் விளைவு

உலோக வலையில் முக்கியமானது திறந்த பரப்பின் விழுக்காடு. 2 மில்லிமீட்டர் துளைகள் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தேன்கூடு போல அடுக்கப்பட்டிருந்தால் திறந்த பரப்பு சுமார் 40 விழுக்காடு. 1 மில்லிமீட்டர் துளைகள் அதே 3 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாக இருந்தால் வெறும் 9 விழுக்காடு. திறந்த பரப்பு குறையக் குறையவும், தகடு தடிக்கத் தடிக்கவும் உயர் ஒலிகள் பின்னோக்கித் திருப்பப்படுகின்றன.

அதிர்வொலி

வலை தளர்ந்திருந்தால் தாழ்ந்த ஒலிகளின்போது சட்டம் பெட்டியில் மோதி 'கிர்' என்று ஒலிக்கும். இது பெரும்பாலும் ஒலிப்பானின் பழுது என்று தவறாகக் கருதப்படுகிறது. பழுதுபார்க்கக் கொண்டு போவதற்கு முன் வலையைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது வீண் செலவைத் தவிர்க்கும்.

வடிவமைப்பாளரின் முடிவு

வலையைக் கழற்றினால் ஒலி எப்போதும் மேம்படும் என்பது சரியல்ல. வலையோடு சேர்த்தே ஒலியைச் சீரமைத்த பெட்டிகள் உண்டு.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமான பிபிசி, 1970களில் தன் ஒலிபரப்பு வண்டிகளின் சிறிய அறைகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஒலிபெருக்கியை உருவாக்கியது. இதில் ட்வீட்டரைச் சுற்றித் தடித்த கம்பளிப் பட்டைகள் ஒட்டப்பட்டன. சட்ட விளிம்பை நோக்கிச் செல்லும் பக்கவாட்டு ஒலியை அவை உறிஞ்சிவிடும். ட்வீட்டரின் மேல் துளையிட்ட உலோக மூடியும், முகப்பில் டைகன் என்ற பிளாஸ்டிக் இழைத் துணியும் இருந்தன. இவை அனைத்தும் பொருத்தப்பட்ட நிலையிலேயே அதன் ஒலி தீர்மானிக்கப்பட்டது. அதன் வலையைக் கழற்றினால் வடிவமைத்தவர்கள் கேட்ட ஒலி கிடைக்காது.

1957-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கியில் உலோக வலை உயிர்காப்புக் கவசமாகும். அதன் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தரப்படுகிறது. இத்தகைய ஒலிபெருக்கிகளின் வலையைப் பயனர் கழற்றவே கூடாது.

அமெரிக்காவின் ஜேபிஎல் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட எல்100 என்ற பெட்டி, சதுரச் சதுரமாக வெட்டப்பட்ட வண்ண நுரை வலைக்காகவே பெயர்பெற்றது. அந்நுரை ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடிந்து உதிர்ந்தது. பழைய நுரை வலைகளுக்குப் பொதுவாகவே இந்தக் கதி உண்டு. உதிரும் பொடி கூம்புகளின் மேல் ஒட்டுவதால், அந்நிலையில் வலையை நீக்கிவிடுவதே நல்லது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பெட்டியுடன் வந்த கையேடு. வலையோடு கேட்க வேண்டுமா, கழற்றிக் கேட்க வேண்டுமா என்பதைப் பல நிறுவனங்கள் அதில் குறிப்பிடுகின்றன. கையேடு இல்லாத நிலையில் முகப்பே ஓரளவு சொல்லிவிடும். திருகுகள் தெரிய, பூச்சில்லாத பலகை உள்ளே இருந்தால் அது வலையோடு பயன்படுத்தவே செய்யப்பட்டது எனலாம். முகப்பு நேர்த்தியாக முடிக்கப்பட்டு, காந்தத்தால் வலை ஒட்டினால் அது இரு நிலைக்கும் ஏற்றதாக இருக்கும்.

பாதுகாப்பு

குழந்தைகள்: ட்வீட்டரின் குமிழைக் கண்ட குழந்தை அதை அழுத்திப் பார்க்காமல் இருப்பது அரிது. பட்டுக் குமிழ் உள்வாங்கினால் ஒட்டும் நாடாவால் மெல்ல இழுத்துப் பெரும்பாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். உலோகக் குமிழில் விழுந்த மடிப்பு முழுமையாக நீங்குவதில்லை. சில விலையுயர்ந்த ட்வீட்டர்கள் பெரிலியம் என்ற உலோகத்தால் ஆனவை. அதன் துகள் நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய குமிழ் உடைந்தால் கையால் தொடாமல் விற்பனையாளரை அணுக வேண்டும். ட்வீட்டரின் மேல் நிலையாகப் பொருத்தப்பட்ட சிறு கம்பிவலையை எக்காரணம் கொண்டும் பெயர்க்கக் கூடாது.

வெயில்: சூரிய ஒளி காகிதக் கூம்பையும் நுரை வளையத்தையும் நலிவடையச் செய்கிறது. மேற்கு பார்த்த சன்னலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கு வலை ஒரு திரைச்சீலை போலப் பயன்படுகிறது.

தூசு: வலை தூசை முழுவதும் தடுக்கும் என்பது மிகையான நம்பிக்கை. துணியின் கண்கள் தூசித் துகளைவிடப் பெரியவை. ஆனாலும் கூம்பின் மேல் படியும் அளவு குறைகிறது. அதைவிட முக்கியமாக, தூசு தட்டும் துணியும் துடைப்பமும் கூம்பின் மேல் நேரடியாகப் படுவதை வலை தடுக்கிறது. துடைக்கும்போது நசுங்கிய குமிழ்கள், தூசால் கெட்டவற்றைவிட அதிகம் எனலாம்.

உயிரினங்கள்: காகிதக் கூம்பை எலி கடிப்பதும், பெட்டிக்குள் பல்லி முட்டையிடுவதும், குளவி மண்கூடு கட்டுவதும் தமிழ்நாட்டு வீடுகளில் நிகழக்கூடியவை. பெட்டியின் காற்றுத்துளை முன்பக்கம் இருந்தால் வலை அதையும் மூடிவிடும். பின்பக்கத் துளையை முகப்பு வலை காக்காது. நெடுநாள் ஊருக்குச் செல்லும்போது அத்துளையில் நுரைத்துண்டு செருகிவிட்டு, திரும்பிய பின் எடுத்துவிடலாம். துளையை அடைத்தபடி பாட்டு ஒலிக்கச் செய்தால் தாழ்ந்த ஒலிகள் குறையும்.

திருப்பத்தூர் மாவட்டச் சூழலில்

திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தோன்றியது. சிவகங்கை மாவட்டத்திலுள்ள திருப்பத்தூர் வேறு ஊர். இம்மாவட்டத்தின் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடுதலுக்கும் காலணித் தயாரிப்புக்கும் பெயர்பெற்றவை. இப்பகுதியின் தட்பவெப்பமும் தொழிலும் முகப்பு வலை பற்றிய முடிவில் சில தனிக் கூறுகளைச் சேர்க்கின்றன.

வெப்பம்: வேலூர், திருப்பத்தூர் வட்டாரத்தில் கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். பழைய பெட்டிகளின் நுரை வளையங்கள் வெப்பத்தாலும் காற்றின் ஈரத்தாலும் வேதிச்சிதைவு அடைகின்றன. வலை போட்டாலும் இது நடக்கும், ஏனெனில் வலை காற்றைத் தடுப்பதில்லை. வலை எப்போதும் மூடியிருந்தால் வளையம் கிழிந்ததே தெரியாமல் போகலாம். கிழிந்த வளையத்தோடு சத்தமாக ஒலிக்கவிட்டால் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசிக் கெடும். எனவே ஆண்டுக்கு இருமுறையாவது வலையைக் கழற்றி வளையத்தைப் பார்ப்பது நல்லது. வளையத்தை மட்டும் மாற்றுவது புதிய ஒலிப்பான் வாங்குவதைவிட மலிவானது.

சல்பைடு வளிமம்: தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு பயன்படுத்தப்படுகிறது. சல்பைடு கலந்த கழிவுநீர் அமிலத் தன்மையுள்ள நீருடன் சேரும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகிறது. இவ்வளிமம் தாமிரத்தையும் வெள்ளியையும் கருக்கச் செய்யும். அது காற்றில் கலந்துள்ள இடங்களில் ஒலிபெருக்கியின் கம்பி முனைகளும் செருகிகளும் கருத்து, ஒலி விட்டுவிட்டு வரக்கூடும். முகப்பு வலை இதற்குக் காப்பாகாது. முனைகளை அவ்வப்போது கழற்றித் துடைத்து இறுக்குவதும், முலாம் பூசிய செருகிகளைப் பயன்படுத்துவதுமே வழி.

ஊசியும் ஆணியும்: ஷூவின் 'அப்பர்' எனப்படும் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை ஆம்பூர் வட்டாரத்தில் வீடுகளிலும் நடைபெறுகிறது. ஒலிப்பானின் பின்னுள்ள காந்தம் வலிமையானது. ஊசி, சிறு ஆணி, இரும்புத் துருவல் ஆகியவை அருகே இருந்தால் காந்தம் அவற்றைக் கூம்பின் மீதும் குமிழின் மீதும் இழுத்துக்கொள்ளும். ஓர் ஊசி ட்வீட்டரின் குமிழைத் துளைக்கப் போதும். வேலை நடக்கும் அறையிலேயே பாட்டுப் பெட்டியும் இருக்கும் வீடுகளில் வலையைக் கழற்றாமல் இருப்பதே சரியான முடிவு. எஃகு வலையை மாட்டும்போதும் இதே எச்சரிக்கை தேவை. காந்தம் தகட்டைச் சட்டென இழுத்துக் குமிழின் மேல் மோதவிடும். இரு கைகளாலும் பிடித்து, ஒரு பக்கத்தை முதலில் அமர்த்தி மெல்ல மூட வேண்டும்.

தோலால் வலை செய்யலாமா: பெட்டியின் பக்கங்களைத் தோலாலோ ரெக்சினாலோ மூடுவதில் தவறில்லை. முகப்புக்கு அது பொருந்தாது. தோல் காற்றை எளிதில் விடாது. காலணியில் பயன்படும் துளைத் தோலிலும் துளைகள் சிறியவையாகவும் தள்ளித் தள்ளியும் இருப்பதால் திறந்த பரப்பு போதாது. தகட்டைவிடத் தடிமனும் அதிகம். ஆட்டுத்தோல் ஒலிபெருக்கியில் சிறந்து விளங்கிய இடம் கூம்பின் விளிம்பே.

கேட்பவரின் காது

வலையால் மாறும் ஒலிகள் உயர் அதிர்வெண்ணில் உள்ளன. அகவை ஏற ஏற மனிதர் முதலில் இழப்பதும் அந்த ஒலிகளையே. இரைச்சல் மிகுந்த இயந்திரங்களின் அருகே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், குறிப்பாக 4000 ஹெர்ட்சை ஒட்டி, செவித்திறன் முதலில் குறைகிறது. இது சட்ட விளிம்பு பாதிக்கும் அதே பகுதியாகும். தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஒரு வட்டாரத்தில் இது சிறிய செய்தியன்று. வலையைக் கழற்றியும் பாட்டில் சொற்கள் தெளிவாக இல்லை என்று ஒருவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், குறை பெட்டியில் இல்லாமல் இருக்கலாம். செவிப் பரிசோதனை செய்துகொள்வது அதற்கான அடுத்த படி. இவ்வகைச் செவித்திறன் இழப்பு மீள்வதில்லை. ஆனால் காதடைப்பான் அணிவதால் மேலும் இழக்காமல் தடுக்கலாம். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு.

சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு வீட்டில், ஒரு பெட்டியில் வலை எவ்வளவு மாற்றம் செய்கிறது என்பதைச் செலவின்றி அறியலாம்.

1. ஒரு பெட்டியின் வலையைக் கழற்றி, மற்றதை அப்படியே விட வேண்டும். ஒலியை மோனோ நிலையில் வைத்து, இடம்-வலம் குமிழைத் திருப்பி இரண்டையும் மாறி மாறிக் கேட்க வேண்டும். பின்னர் வலையை அடுத்த பெட்டிக்கு மாற்றி மீண்டும் கேட்டால், அறையின் மூலைகளால் வரும் வேறுபாட்டைப் பிரித்தறியலாம்.

2. ஜால்ரா, சலங்கை, வயலின் உள்ள பதிவும், தெளிவான பேச்சுக்குரலும் சோதனைக்கு ஏற்றவை. தாழ்ந்த ஒலி மட்டும் உள்ள பதிவு பயன் தராது.

3. கைபேசியில் ஒலி அலைமாலையைக் காட்டும் செயலியை நிறுவி, கேட்கும் இடத்தில் அசையாமல் வைத்து, பிங்க் இரைச்சலை ஒலிக்கச் செய்து வலையோடும் வலையில்லாமலும் ஒப்பிடலாம். கைபேசியின் ஒலிவாங்கி துல்லியமானதல்ல. ஆனாலும் இரு அளவீடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஓரளவு காட்டும்.

4. கேட்பவர் கண்ணை மூடிக்கொள்ள, வேறொருவர் பத்து முறை விருப்பப்படி வலையை மாட்டியும் கழற்றியும் கேட்கச் செய்யலாம். மாட்டாத முறைகளிலும் மாட்டுவது போன்ற ஓசையை எழுப்ப வேண்டும். வெறும் ஊகத்தால் பத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றே. அவ்வளவு சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மையிலேயே கேட்கிறது என்று கொள்ளலாம். ஐந்தாறு மட்டும் சரியானால் வலையைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை.

பராமரிப்பு

துணி வலையின் தூசை மென்மையான தூரிகையாலோ, குறைந்த விசையில் இயங்கும் உறிஞ்சியாலோ நீக்கலாம். உறிஞ்சியை வலை கழற்றிய நிலையில் கூம்பின் அருகே கொண்டு செல்லக் கூடாது. சமையலறைப் புகையும் பூசை அறையின் சாம்பிராணிப் புகையும் படிந்த துணியில் பிசுக்கு ஏறித் தூசு ஒட்டும். அதை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். உலோக வலையை இளஞ்சூட்டு சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் உலர்ந்த பின் மாட்டலாம். பழைய நுரை வலையை நனைக்கக் கூடாது.

கிழிந்த துணியை வீட்டிலேயே மாற்ற முடியும். துணியை வாயருகே பிடித்து ஊதினால் காற்று தடையின்றி அப்புறம் வர வேண்டும். விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஒளி சீராகத் தெரிய வேண்டும். இந்த இரண்டிலும் தேறும் மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் துணி ஏற்றது. நாற்புறமும் ஒரே அளவு இழுத்து, முதலில் எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவிலும் கடைசியில் மூலைகளிலும் ஒட்ட வேண்டும். தொய்வாக ஒட்டினால் துணி கூம்பில் உரசும்.

கழற்றி வைத்த வலைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் சட்டம் வளைந்து, மறுமுறை பொருந்தாது. முளைகள் பலமுறை இழுபட்டால் ஒடியும். அடிக்கடி கழற்றி மாட்டுவதைவிட, ஏதேனும் ஒரு நிலையைத் தேர்ந்து அதிலேயே விடுவது முளைவகை வலைகளுக்கு நல்லது.

முடிவு செய்யும் முறை

வலையைப் பொருத்தியே வைக்க வேண்டிய நிலைகள்: கையேடு அவ்வாறு கூறும்போது, வலை மின் பாதுகாப்புக்காக உள்ளபோது, வீட்டில் சிறு குழந்தைகளோ வளர்ப்புப் பூனையோ இருக்கும்போது, ஊசி, ஆணி புழங்கும் வேலை அருகில் நடக்கும்போது, நேரடி வெயில் படும்போது, பெட்டி நெடுநாள் பயன்படுத்தப்படாதபோது.

கழற்றத்தக்க நிலைகள்: சட்டம் தடித்தும் விளிம்பு சீவப்படாமலும் இருக்கும்போது, துணி அடைபட்டோ தடித்தோ இருக்கும்போது, நுரை உதிரும்போது, வலை அதிரும்போது, கூர்ந்து கேட்பவர் மேற்கண்ட சோதனையில் வேறுபாட்டை உணரும்போது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வீடுகளே மிகுதி. அங்கு கேட்கும் நேரத்தில் கழற்றி, முடிந்ததும் மாட்டுவதற்குக் காந்த வலை உள்ள பெட்டி வசதியானது. மற்றவற்றில், ஒரு டெசிபெல் வேறுபாட்டுக்காக நசுங்கிய ட்வீட்டரின் விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பெட்டிகளைக் கேட்பவரை நோக்கிச் சற்றுத் திருப்பி வைப்பது, ட்வீட்டரைக் காதின் உயரத்துக்குக் கொண்டுவருவது, வெறுஞ்சுவரில் திரைச்சீலை தொங்கவிடுவது ஆகியவை பல அறைகளில் வலையைக் கழற்றுவதைவிட அதிக மாற்றத்தைத் தரும். இவற்றுக்குச் செலவும் மிகக் குறைவு.